‘உன் நாட்டுக்கே போ’: வேலையிடத்து ஏச்சு எப்போது இனப்பாகுபாடு ஆகிறது?

சுங்கை சிப்புட் போன்ற ஊரில் மத்தியானக் கூட்டம் நெருக்கும் நேரத்தில், சாப்பாட்டுக் கடை அடுப்படியில் ஏதாவது தீய்ந்துவிட்டால் முதலாளி வாயில் வரும் வாக்கியம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. “இந்தியாக்காரனுங்களே இப்படித்தான்டா, ஒரு வேலை ஒழுங்கா தெரியாது.” சொல்பவர் மலேசியத் தமிழர். வாங்கிக் கட்டிக்கொள்பவர் புதுக்கோட்டைப் பக்கமிருந்தோ சிவகங்கைப் பக்கமிருந்தோ பெர்மிட்டில் வந்த தோசை மாஸ்டர். இருவருக்கும் ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே சாமி. கொஞ்சம் துருவிக் கேட்டால் தாத்தாக்கள் பக்கத்துப் பக்கத்து ஊராகக்கூட இருப்பார்கள்.

இப்போது அதே முதலாளியின் மகனை எடுத்துக்கொள்வோம். ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் தகராறில் சூப்பர்வைசர் அவனைப் பார்த்து மலாயில் ‘பாலிக் இந்தியா லா’ (இந்தியாவுக்கே திரும்பிப் போ) என்கிறார். பையன் இந்தியாவை டிவியில் தவிரப் பார்த்ததில்லை. வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு ரத்தம் கொதிக்கிறது. ‘இது இனவெறி, விடக்கூடாது’ என்கிறார். காலையில் தன் மாஸ்டரிடம் பேசியது அவருக்கு ஞாபகம் வருவதில்லை.

இரண்டு இடத்திலும் திட்டுக்குக் கருவியாக வந்தது ஒரே நாட்டின் பெயர். ஊராரிடம் கேட்டால் மகனுக்கு நடந்தது இனவெறி, மாஸ்டருக்கு நடந்தது கோபத்தில் வந்த பேச்சு என்பார்கள். உலகத்தின் பல சட்டங்களும் ஏறக்குறைய அப்படித்தான் பிரித்துப் பார்க்கின்றன. நம் மலேசிய நாட்டுச் சட்டத்தில் இன்னும் சிக்கல். இந்தப் பிரிப்பு எப்படி வந்தது, தோட்டத்திலும் டவுனிலும் வேலை செய்கிறவனுக்கு அதனால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாட்டின் பெயர் வாயில் வந்ததா இல்லையா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சொன்னவர் கையில் என்ன இருக்கிறது, சொன்னதோடு சேர்த்து என்ன செய்தார் என்பதுதான் பெரும்பாலான வழக்குகளைத் தீர்மானிக்கிறது.

பிரிட்டனில் நடந்ததிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. மலேசிய வழக்கறிஞர்கள் இன்றும் அடிக்கடி புரட்டும் சட்டம் அது என்பது ஒரு காரணம். இந்தக் கேள்வி அங்கேதான் ஒரு முறை தப்பாகப் போய், பிறகு திருத்தப்பட்டது என்பது இன்னொரு காரணம். அங்கே 1968ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் நிறம், இனம், இனக்குழு, பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்றது. லண்டனில் ஈலிங் நகராட்சி, வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் பிரிட்டிஷ் குடிமக்களை மட்டும் சேர்த்தது. போலந்துக்காரர் ஒருவர், பல வருடமாக அங்கேயே வாழ்ந்தவர், பட்டியலில் இடம் கிடைக்காமல் புகார் செய்தார். வழக்கு, அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. பூர்வீக நாடு வேறு, இன்றைய குடியுரிமை வேறு. சட்டம் முதலாவதைத்தான் காக்கிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்த ஓட்டையை நாடாளுமன்றம் 1976இல் புதுச் சட்டம் போட்டு அடைத்தது. இனம் என்பதற்குள் தேசியமும் அடங்கும் என்று அதில் எழுதிவிட்டார்கள். இன்று அங்கே நடப்பில் உள்ள 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் நிறம், தேசியம், இனக்குழு அல்லது பூர்வீக நாடு எல்லாம் சேர்ந்ததுதான் இனம். 26ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்தத் தன்மைகளில் ஒன்றோடு தொடர்புடைய வேண்டாத நடத்தை ஒருவரின் கண்ணியத்தைக் குலைத்தால், அல்லது அவருக்கு மிரட்டலான, இழிவான சூழலை உண்டாக்கினால், அது துன்புறுத்தல். ‘அப்படி நினைத்துச் சொல்லவில்லை’ என்று முதலாளி தப்பிக்க முடியாது. நோக்கம் அதுவாக இருந்தாலும் சரி, விளைவு அதுவானாலும் சரி. ஆக, நம்ம தோசை மாஸ்டர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடையில் நின்றிருந்தால், ‘இந்தியாக்காரனுங்களே இப்படித்தான்’ என்ற பேச்சை அவர் இனத் துன்புறுத்தல் என்றே தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போயிருக்கலாம். திட்டியவரும் தமிழர்தானே என்பது அங்கே பதிலாகாது.

அதற்காக அங்கே எல்லா ஏச்சுக்கும் பணம் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2009இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் முடிந்த ஒரு வழக்கு பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. வேலையை விட்டுப் போகப்போகும் இந்திய வம்சாவளிப் பெண்ணிடம் மேலாளர், ‘உங்களை இந்தியாவில் கட்டிக் கொடுத்துவிடாமல் இருந்தால் மறுபடி சந்திப்போம்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். அந்தப் பெண் இங்கிலாந்திலேயே வளர்ந்தவர். துன்புறுத்தல்தான் என்று தீர்ப்பாயம் ஏற்றது. இழப்பீடு 1,000 பவுன். மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: இனச் சாயல் உள்ள ஒவ்வொரு பொருத்தமற்ற சொல்லும் கண்ணியத்தைக் குலைத்ததாகிவிடாது, கணத்தில் வந்து போகும் அற்பப் பேச்சுகளையும், மனம் புண்படுத்தும் எண்ணமில்லை என்று தெளிவாகத் தெரிகிற பேச்சுகளையும் அப்படிப் பெரிதாக்க வேண்டாம். எங்கே கோடு போடுவது என்ற தொல்லை அங்கேயும் தீரவில்லை.

2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இன்னொரு கோட்டைப் போட்டது. நைஜீரியாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த இரண்டு பெண்களை முதலாளிகள் மிக மோசமாக நடத்தியிருந்தார்கள். அதை இனப்பாகுபாடு என்று ஏற்க நீதிமன்றம் மறுத்தது. அவர்கள் அப்படி நடத்தப்பட்டது நைஜீரியர்கள் என்பதால் இல்லையாம். விசா முதலாளி கையில் இருந்ததால் எதிர்க்க முடியாதவர்கள் என்பதாலாம். வெளிநாட்டுக்காரர் எல்லாரும் அப்படிப் பலவீனமான நிலையில் இல்லையே என்றது தீர்ப்பு. தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெர்மிட்டில் ஆள் வைத்து வேலை வாங்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது வாய் கசக்கிறது.

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி வேலையிடத்தில் இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாட்டைத் தடுக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் மெக்சிகோ குடியுரிமை வைத்திருந்த ஒரு பெண்ணைத் தையல் ஆலை வேலைக்கு எடுக்கவில்லை. அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே எடுப்போம் என்பது நிறுவனத்தின் விதி. 1973இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காரணம் கவனிக்க வேண்டியது: அந்த ஆலைத் தொழிலாளர்களில் 96 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் மெக்சிகோ வம்சாவளியினர். மெக்சிகோ வம்சத்தையே வேலைக்கு வைத்திருக்கிறவர் மெக்சிகோ வம்சத்தை வெறுக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அதே இனத்து ஆட்களை வைத்து, அதே இனத்தில் அக்கரைப் பாஸ்போர்ட் உள்ளவரை மட்டும் தள்ளினால் அது குடியுரிமை விஷயம், இன விஷயமல்ல என்று முடிந்தது. ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தார்கள்: குடியுரிமை என்ற பேச்சு பூர்வீக நாட்டை ஒதுக்குவதற்கான சாக்கு என்று நிரூபித்தால் வழக்கு நிற்கும்.

நம்ம கடை முதலாளிக்கு இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் மகிழ்ந்துபோவார். ‘நான் தமிழன், என் கேஷியர் தமிழன், பரிமாறுகிறவன் தமிழன், நான் எப்படி இனவாதி?’ என்பார். ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றமும் 2021 பிப்ரவரியில், கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் மோதிய வழக்கில், இனப்பாகுபாட்டு ஒப்பந்தத்தில் வரும் பூர்வீக நாடு என்பதில் இன்றைய குடியுரிமை அடங்காது என்றுதான் சொன்னது. ஆறு நீதிபதிகள் தீர்ப்புக்கு எதிராக வாக்களித்தார்கள்.

சரி, இனி நம் நாட்டுக்கு வருவோம்.

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் பிரிவில் இரண்டு வாசகங்கள் முக்கியம். முதல் உட்பிரிவு எல்லா மனிதரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. குடிமகன் என்ற நிபந்தனை அதில் இல்லை. இரண்டாம் உட்பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் என்பதற்காக மட்டுமே குடிமக்களுக்கு எதிராகப் பாகுபாடு கூடாது என்கிறது. பால் என்பது 2001இல்தான் சேர்க்கப்பட்டது. அது குடிமக்களுக்கு மட்டும். அதிலும் சட்டங்களிலும் பொது அதிகாரத்தின் கீழுள்ள வேலைகளிலும்தான். தோட்டத்து மேனேஜரும் கடை முதலாளியும் பொது அதிகாரம் இல்லை. 2005இல் கூட்டரசு நீதிமன்றம், ஒரு விமானப் பணிப்பெண் கர்ப்பம் காரணமாக வேலை இழந்த வழக்கில், அரசியலமைப்பு உரிமைகள் அரசுக்கு எதிராகக் கேட்பவை, தனியார் முதலாளிக்கு எதிராக அல்ல என்று விளக்கிவிட்டது. அந்தத் தீர்ப்பின்படி பார்த்தால், ‘பாலிக் இந்தியா’ கேட்ட பையனால்கூட 8ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு தன் கம்பெனி மீது நேரடியாகப் போக முடியாது.

குடிமக்கள் என்ற சொல் தோட்டப்புறத்தில் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். பெர்மிட்காரரை மட்டுமல்ல. நம் லயங்களில் பிறந்து, இங்கேயே பால்மரம் சீவி, இங்கேயே முதுமையடைந்து, இன்னும் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். 1957க்குப் பிறகு குடியுரிமைக்குப் பதியத் தவறியவர்கள், பத்திரம் இல்லாதவர்கள், மனு போட்டுக் காத்திருந்தவர்கள். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றபோது, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுமார் 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் கப்பல் ஏறினார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் குறிப்பிடும் கணக்கு. முந்தின நாள் வரை பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தவன் ஒரு சட்டத்தால் வெளிநாட்டுக்காரனாகி, கிளம்பிப் போனான். இனத்தையும் குடியுரிமையையும் தனித்தனி அலமாரியில் வைக்கலாம் என்று சொல்லும் தீர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு அந்தக் கப்பல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. காகிதத்தில் ஆளைப் பிரித்தது குடியுரிமை. போனவர்கள் எந்த இனம் என்று யாருக்கும் சந்தேகமில்லை.

வெளியே இருந்து வரும் கட்டாயமும் குறைவு. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை மலேசியா ஏற்கவில்லை. இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஐநா ஒப்பந்தத்தை ஏற்கப்போவதாக 2018இல் பேச்சு வந்து, அந்த வருடம் நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. டிசம்பர் 8ஆம் தேதி கோலாலம்பூரில் அதற்கு எதிராகப் பெரிய பேரணியும் நடந்தது. ஒப்பந்தத்தை ஏற்றிருந்தால் நம்ம மாஸ்டருக்கு ஏதாவது கிடைத்திருக்குமா? அதிகம் கிடைத்திருக்காது. குடிமக்களுக்கும் அல்லாதவருக்கும் இடையே அரசுகள் காட்டும் வேறுபாட்டுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்று அதன் முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

உண்மையில் கை வைக்கக்கூடிய இடம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதில் இரண்டு பிரிவுகளைத் தோட்டக்காரர்களும் டவுன்காரர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்று 60எல். உள்ளூர்த் தொழிலாளி தன்னை வெளிநாட்டுத் தொழிலாளியோடு ஒப்பிட்டோ, வெளிநாட்டுத் தொழிலாளி தன்னை உள்ளூர்க்காரரோடு ஒப்பிட்டோ, வேலை நிபந்தனைகளில் முதலாளி பாகுபாடு காட்டுகிறார் என்று புகார் செய்தால், தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். குடியுரிமையை வைத்து வரும் பாகுபாட்டை நம் சட்டம் நேரடியாகத் தொடுவது இந்த ஓர் இடத்தில்தான் என்று சொல்லலாம். ஆனால் அதன் அளவு வேலை நிபந்தனைகளோடு நிற்கிறது. சம்பளம், ஓவர்டைம், லீவு, வேலை நேரம். வாய்ப்பேச்சு அதில் தனியாக நிற்காது. ஒப்பிட ஆளும் வேண்டும். இன்று பல செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோர் வரிசையில் உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லை; இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள்தான். இந்தோனேசியருக்கு நல்ல பிளாக்கும் வங்காளதேசிக்கு மேட்டு பிளாக்கும் கொடுத்தால் 60எல் உதவாது, இருவருமே வெளிநாட்டுக்காரர்கள். தோசை மாஸ்டருக்கும் அதே கதி. அந்தக் கடையில் தோசை போட உள்ளூர் ஆள் யாரும் இல்லை என்பதால்தானே அவரை வரவழைத்தார்கள்.

இரண்டாவது 69எஃப். 2022இல் செய்த திருத்தம் வழியாக வந்து, 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் பாகுபாடு குறித்துத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால் தலைமை இயக்குநர் விசாரித்துத் தீர்மானிக்கலாம். உத்தரவை மதிக்காத முதலாளிக்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம்; குற்றத்துக்குப் பின்னும் தொடர்ந்தால் நாளுக்கு 1,000 வெள்ளி வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் எங்கும் விளக்கவில்லை. இனமா, மதமா, தேசியமா, எதுவும் பட்டியலிடவில்லை. இதைப் பலரும் குறையாகத்தான் பார்க்கிறார்கள், நியாயம்தான். என் பார்வையில் அதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. பட்டியல் இல்லை என்றால் ஒரு தன்மையைச் சேர்க்கவில்லை என்று யாரும் தட்டிக்கழிக்கவும் முடியாது. ஈலிங் வழக்கில் போலந்துக்காரர் தோற்றது பட்டியலில் அவருக்கான சொல் இல்லாததால். இங்கே அந்த வாதத்துக்கு இடமில்லை. தேசியத்தின் பேரில் நடந்த பாகுபாட்டையும் 69எஃப்பின் கீழ் எழுதிக் கொடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் விசாரிக்கும் அதிகாரியைப் பொறுத்தது. வேலை கேட்டுப் போய்த் திரும்பி வந்தவருக்கு மட்டும் இது உதவாது. தொழிலாளி என்று ஆன பிறகுதான் இந்தப் பிரிவு பேசும்.

பாலியல் தொல்லைக்கு அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது, விசாரணை முறை இருக்கிறது, வேலையிடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. இனத்தையோ தேசியத்தையோ சொல்லித் தொல்லை கொடுப்பதற்கு அப்படி ஒன்றுமில்லை. பிரிட்டனின் 26ஆம் பிரிவுக்கு இங்கே ஜோடி கிடையாது. அதனால்தான் இந்நாட்டில் ஏச்சு தன்னளவில் குற்றமாவதைவிட, வேறொன்றுக்குச் சாட்சியாகும்போதுதான் வலிமை பெறுகிறது.

தோட்டத்தில் இதைப் பார்ப்பது சுலபம். விடியற்காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில், மண்டோர் (கங்காணி) ஆள் பிரிக்கிறார். ‘டேய் பங்களா, உங்க ஊர்ல மரத்தையே பாத்ததில்லையா’ என்று ஓர் ஆளைக் கூட்டத்துக்கு முன் கேட்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், அந்த ஆளும் சிரிக்கிறார். சிரிக்காமல் என்ன செய்வார்? அப்புறம் அவருக்கு மேட்டில் இருக்கும் கிழட்டு மரங்களைக் கொடுக்கிறார். மரம் உயரம், குலை குறைவு, சுமந்து வரும் தூரம் அதிகம். வெட்டுகிற குலைக்குத்தான் காசு என்னும்போது, எந்த பிளாக் என்பதே அன்றைய சம்பளம். அந்தக் கேலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் இலாகா அதிகாரி ‘ஜோக்’ என்று மூடிவிடலாம். மாதக்கணக்கில் மேட்டு பிளாக் யாருக்குப் போனது என்ற பதிவேட்டோடு சேர்த்து வைத்தால், அந்தக் கேலி காரணத்தைக் காட்டிக் கொடுக்கும் வாக்குமூலம் ஆகிறது.

இன்னொரு வகை ஏச்சு இருக்கிறது, அதைக் கேலி என்று யாரும் சொல்ல முடியாது. ‘வாயைத் திறந்தா பெர்மிட்டைக் கட் பண்ணி உன் நாட்டுக்கே அனுப்பிருவேன்.’ நாட்டின் பெயர் இங்கே மிரட்டலின் கைப்பிடி. பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அது போனால் அந்த ஆள் மறுநாளே சட்டவிரோதி. உள்ளூர்க்காரனைப் பார்த்து ‘வேலையை விட்டுத் தூக்கிருவேன்’ என்றால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவான். இவருக்கு ஊரில் வாங்கிய கடன் பாக்கி இருக்கும். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு கட்டாய வேலைக்குச் சொல்லும் 11 அடையாளங்களில் மிரட்டலும் ஒன்று, அடையாளப் பத்திரங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று. நம் வேலைச் சட்டத்தின் 90பி பிரிவும் 2023 முதல் கட்டாய வேலையைக் குற்றமாக்கியிருக்கிறது; 100,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்த மாதிரிப் பேச்சை இனப்பாகுபாடா என்று ஆராய்வதில் நேரத்தைச் செலவழிப்பது தப்பான கதவைத் தட்டுவது. கனமான குற்றம் பக்கத்திலேயே இருக்கிறது.

பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது ஏச்சா என்ற கேள்வியும் ஓயாமல் வரும். ‘பங்களா என்றால் பங்களாதேஷ்காரன், அதில் என்ன தப்பு?’ இந்தோனேசியர்களை ‘இண்டோன்’ என்று எழுதுவதும் ஒரு காலத்தில் இங்கே சாதாரணம். அது இழிவு என்று அந்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பி, 2007இல் நம் தகவல் அமைச்சே ஊடகங்களிடம் அந்தச் சொல்லைக் கைவிடச் சொன்னது. ஆக, சொல்கிறவருக்கு வெறும் சுருக்கம் என்பது அரசே ஏற்காத வாதம். ஆனாலும் வேலையிடத்தில் நான் சொல்லைவிட வேறொன்றைத்தான் பார்ப்பேன்: அந்த ஆளின் பெயர் மண்டோருக்குத் தெரியுமா? மற்றவரை ‘முனியாண்டி’, ‘செல்வம் அண்ணே’ என்று கூப்பிட்டு, இவரை மட்டும் வருடக்கணக்காக நாட்டின் பெயரால் கூப்பிடுவது தினசரி நடத்தை. ஒருநாள் வாய் தவறியது என்ற கணக்கில் அது வராது.

நீதிமன்றப் பக்கம் வேறு இரண்டு வழிகள் உண்டு. ஏச்சு தாங்க முடியாமல் வேலையை விட்டவர், முதலாளி தன்னை விரட்டியதற்குச் சமம் என்று 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் கோரலாம். 1988இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இதற்குப் பொருந்தும்: முதலாளி ஒப்பந்தத்தின் வேரையே அறுக்கும்படி நடந்திருக்க வேண்டும். ஒருநாள் கத்தியது அந்த அளவுக்கு ஏறாது. புகார் கொடுத்தும் கண்டுகொள்ளாமல் தொடர்ந்து அவமானப்படுத்தியது ஏறலாம். இன்னொன்று 2025 ஜூலை 11 முதல் அமலுக்கு வந்த பகடிவதைக் குற்றங்கள். தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 507பி முதலான பிரிவுகள், மன உளைச்சல் தரும் நோக்கத்தோடு மிரட்டும், இழிவுபடுத்தும் பேச்சுக்கு மூன்றாண்டு வரை சிறை சொல்கின்றன. அதில் இனம், தேசியம் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை என்பது பெரிய வசதி. சைபர் பகடிவதையால் நேர்ந்த ஒரு மரணத்துக்குப் பிறகு வந்த சட்டம் என்றாலும் வேலையிடத்துக்கும் அது பொருந்தும். ஆனால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவது பெர்மிட்காரருக்கு எளிதா? பெர்மிட் ரத்தான நிலையில் வழக்கு நடத்துகிறவர், இமிகிரேஷனில் சிறப்பு பாஸ் வாங்கித்தான் இங்கே இருக்க முடியும். அந்த பாஸில் வேலை செய்ய முடியாது. வேலை இல்லாமல் எத்தனை மாதம் தாங்குவார்?

இவ்வளவு ஓட்டைக்கு நடுவில், சட்டத்தைவிடத் தெளிவாகப் பேசும் ஒரு காகிதம் பல தோட்ட ஆபீஸ்களின் அறிவிப்புப் பலகையிலேயே தொங்குகிறது. ஐரோப்பாவில் செம்பனை எண்ணெய் வாங்குவோர் பலர் ஆர்எஸ்பிஓ (நிலைத்தன்மையுள்ள செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு) சான்றிதழைக் கேட்பதால், பெரிய தோட்டங்கள் அதை வாங்கி வைத்திருக்கின்றன. அதன் 2018ஆம் ஆண்டு விதிகளில் பாகுபாட்டுக்கு எதிரான கொள்கை வேண்டும் என்றிருக்கிறது. இனக்குழு, சாதி, பூர்வீக நாடு, மதம் என்று வரிசையாகப் போகிறது அந்தப் பட்டியல். சாதியைக்கூடச் சேர்த்திருக்கிறார்கள், நம்ம ஆட்களைத் தெரிந்துதான் சேர்த்தார்களோ என்னவோ. புகார் முறையும் இருக்க வேண்டும், புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது. ஆடிட்டர் வரும்போது மேனேஜருக்கு வரும் நடுக்கம் தொழிலாளர் இலாகா வரும்போது வருமா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் சான்றிதழ் போனால் எண்ணெயின் விலை இறங்கும். பெரிய தோட்டத்தில் இருக்கிறவர் 69எஃப் பற்றி யோசிப்பதற்கு முன் அந்தப் பலகையைப் படிப்பது நல்லது. டவுனில் உள்ள சாப்பாட்டுக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் அந்த வசதி இல்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதிரி ஒரு சங்கமும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. நம் இனத்தவரே நம் இனத்தவரைத் திட்டும் இடம் பெரும்பாலும் அதுதான், பாதுகாப்பு மிகக் குறைந்த இடமும் அதுதான்.

சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் காக்கப்படும் தன்மைகளின் பட்டியலில் இனத்தையும் தேசியத்தையும் தனித்தனியாகவே எழுதிவிட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து அங்கே போய் வேலை செய்யும் நம் பிள்ளைகள், சட்டம் அமலுக்கு வரும்போது மலேசியர் என்ற காரணத்துக்காக ஒதுக்கப்பட்டால் அதைக் காட்டலாம். அதுவும் ஆளெடுப்பது, பதவி உயர்வு, நீக்கம் போன்ற முடிவுகளைத்தான் முக்கியமாகத் தொடுகிறது.

மகனின் வழக்குக்கும் மாஸ்டரின் வழக்குக்கும் என் கணிப்பு இது. மகனுக்கு எறியப்பட்டது அவனுக்குக் குடியுரிமையே இல்லாத ஒரு நாட்டின் பெயர். அங்கே நாடு என்பது தோலுக்கும் வம்சத்துக்கும் மாற்றுப்பெயர். அது இன ஏச்சு, இதில் இரண்டு பேச்சு இல்லை. மாஸ்டருக்கு எறியப்பட்டது அவருடைய உண்மையான குடியுரிமை. இனம் என்ற தலைப்பில் கொண்டு போனால் மலேசியாவில் அது வழுக்கும். தேசியப் பாகுபாடு என்ற தலைப்பில், சம்பளச் சீட்டோடும் ஓய்வு நாள் கணக்கோடும் கொண்டு போனால் நிற்க வாய்ப்புண்டு. எந்தத் தலைப்பில் போனாலும் இலாகாவில் கேட்கப்போவது ஒரே விஷயங்கள்தான். என்ன சொன்னார், எந்த மொழியில், சொன்னபடியே எழுதியிருக்கிறீர்களா? எந்தத் தேதி, பக்கத்தில் யார் இருந்தார்? அந்த வாரம் உங்கள் வேலையில், சம்பளத்தில், லீவில் என்ன மாறியது? முதலாளிக்கு வாட்சப்பிலாவது ஒரு வரி புகார் போட்டீர்களா? வேலையை விட்டுவிட்டு 20ஆம் பிரிவில் போகிறவர் என்றால் விட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். ஊருக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றால் அந்தக் கதவு மூடிவிடும்.